அருவியில் தள்ளியது வெறுப்பா?

ஒருவர் படைத்த கதை மாந்தர்களை, அக்கதையில் மனம் பறிகொடுத்த வாசகர்கள் எடுத்துக்கொண்டு தாங்களே எழுதும் கதைகள் ரசிகர் புனைவு எனப்படுகின்றன. இவற்றில் நாயகர்கள் படாத பாடு படுகிறார்கள். கைவிடப்படுகிறார்கள், அவமானப்படுகிறார்கள், சித்திரவதைக்கு ஆளாகிறார்கள், பல கதைகளில் செத்தும் போகிறார்கள். இத்தனை கொடுமை செய்பவருக்கு அந்தப் பாத்திரத்தின்மேல் உள்ளூர வெறுப்பு இருக்கத்தானே வேண்டும் என்று புதிதாகப் படிப்பவருக்குத் தோன்றுவது இயல்பு. அந்த ஐயத்தை ஆராய்ந்து பார்க்க சுவிட்சர்லாந்தின் மைரிங்கன் ஊரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. உலகின் மிகப் புகழ்பெற்ற துப்பறிவாளன் அங்கேதான் கொல்லப்பட்டான்.

ரைக்கன்பாக் விளிம்பில்

பெர்ன் மாநிலத்தில், ஆரே ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது மைரிங்கன். ஊருக்கு மேலே ரைக்கன்பாக் அருவி பல படிகளாக மொத்தம் சுமார் 250 மீட்டர் இறங்குகிறது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் 1893 ஆகஸ்டில் மனைவி லூயிசாவுடன் சுவிட்சர்லாந்து வந்தார். அந்த ஆண்டு டிசம்பர் மாத ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் அவருடைய ‘இறுதிச் சிக்கல்’ வெளியானது. குற்ற உலகின் மூளையான பேராசிரியர் மோரியார்ட்டியுடன் கட்டிப்புரண்டு, ஹோம்ஸ் இந்த அருவியில் விழுந்து மறைவதாகக் கதை முடிந்தது. கதைப்படி அந்த நாள் 1891 மே 4.

கோனன் டாயிலுக்கு ஹோம்ஸ் அலுத்துப்போயிருந்தது உண்மை. தன் பெயரை நிலைநிறுத்தப்போவது வரலாற்று நாவல்களே என்று அவர் நம்பினார். துப்பறியும் கதைகள் அதற்கான நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. ஹோம்ஸைத் தீர்த்துக்கட்டும் எண்ணத்தை 1891இலேயே தாய்க்குக் கடிதத்தில் எழுதினார். கூடவே கூடாது என்று தாய் தடுத்தார்.

ஆனாலும் கொலை நடந்த விதத்தைக் கவனித்தால் அலுப்பு வேறு, வெறுப்பு வேறு என்பது புலப்படும். ஹோம்ஸின் நண்பரும் கதைசொல்லியுமான வாட்சன் அருவிக்குத் திரும்பி வரும்போது பாதையில் யாரும் இல்லை. பாறையில் சாய்ந்தபடி ஹோம்ஸின் மலைத்தடி நிற்கிறது. பக்கத்தில் வெள்ளி சிகரெட் பெட்டி. அதன் அடியில் குறிப்பேட்டிலிருந்து கிழித்த தாள்கள். நண்பனுக்குக் கடைசிக் கடிதம் எழுதி முடிக்கும்வரை மோரியார்ட்டியே காத்திருந்திருக்கிறான். கடிதத்தில் பதற்றமோ புலம்பலோ இல்லை. மோரியார்ட்டியிடமிருந்து சமூகத்தை விடுவிக்கிறோம் என்ற நிறைவோடு ஹோம்ஸ் விடைபெறுகிறான். உண்மையில் வெறுத்திருந்தால் ஹோம்ஸை முட்டாளாக்கியோ கோழையாக்கியோ கதையை முடித்திருக்கலாம். எழுத்தாளர் அவனிடமிருந்து உயிரை மட்டுமே எடுத்துக்கொண்டார், மானத்தைத் தொடவில்லை.

வெறுப்பு எழுந்தது வேறு திசையில். பலர் இதழின் சந்தாவை நிறுத்தினார்கள். முதல் வரியிலேயே கோனன் டாயிலைத் திட்டி ஒரு பெண்மணி கடிதம் எழுதினார். பாத்திரத்தின்மேல் வைத்த அன்பு, உயிருள்ள மனிதர்மேல் கோபமாகத் திரும்பியது. இன்றும் ஒரு நடிகரையோ எழுத்தாளரையோ ரசிகர்கள் வசைபாடும்போது நடப்பது இதுவேதான்.

அரை வரியில் ஒரு மரணம்

1903இல் வந்த ‘வெற்று வீடு’ கதையில் ஹோம்ஸ் உயிரோடு திரும்புகிறான். அவன் இல்லாத காலத்தில் வாட்சனுக்கும் ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது. அது மனைவி மேரியின் மரணம் என்று வாசகர்கள் கொள்கிறார்கள். எப்படி இறந்தாள், எப்போது இறந்தாள் என்ற விவரம் எதுவும் இல்லை. அரை வரியோடு சரி.

ஹோம்ஸுக்கு ஓர் அருவியே கிடைத்தது. மேரிக்கு ஒரு படுக்கைகூடக் கிடைக்கவில்லை. ஒரு பாத்திரத்துக்குச் செய்யக்கூடிய பெரிய கொடுமை வன்முறையா, பொருட்படுத்தாமையா என்ற கேள்வியை இந்த ஒப்பீடு எழுப்புகிறது. சித்திரவதைக் காட்சியை எழுதுபவர் பாத்திரத்தின் மூச்சையும் நடுக்கத்தையும் பக்கம் பக்கமாகக் கூர்ந்து பார்க்கிறார். அக்கறை இல்லாத ஒருவர்மேல் யாரும் அவ்வளவு நேரம் செலவிடுவதில்லை.

அன்புள்ளவர் ஏன் வதைக்கிறார்?

ரசிகர் புனைவில் ‘வலியும் ஆறுதலும்’ என்று சொல்லத்தக்க ஒரு வகை உண்டு. ஒருவர் காயப்படுவார், மற்றவர் பதறித் தாங்குவார். இதற்கு முன்மாதிரி மூலக் கதைகளிலேயே இருக்கிறது. 1924இல் வெளியான ‘மூன்று காரிடெப்கள்’ கதையில் வாட்சன் தொடையில் குண்டடி படுகிறார். எதற்கும் அசையாத ஹோம்ஸின் கண்கள் கலங்குகின்றன, உதடு நடுங்குகிறது. அந்த அன்பை அறிந்துகொள்ள இன்னும் எத்தனை காயம் பட்டாலும் தகும் என்று வாட்சன் நினைக்கிறார். அந்தக் குண்டு இல்லாமல் ஹோம்ஸின் நெஞ்சு திறந்திருக்காது.

நெருக்கடியில்தான் மனிதரின் அடித்தன்மை தெரியும் என்பது இப்படி எழுதுவதற்கு முதல் காரணம். தன் சொந்தத் துயரத்தைப் பாதுகாப்பான தொலைவில், வேறொருவர் உடலில் வைத்துப் பார்க்க முடிவது இரண்டாவது காரணம். பிரியமானவர் எத்தனை அடி விழுந்தாலும் எழுந்து நிற்பார் என்ற நம்பிக்கையைத் திரும்பத் திரும்பச் சோதித்துத் தேற்றிக்கொள்வது மூன்றாவது.

மைரிங்கனில் இதைக் கண்ணால் காணலாம். லண்டன் ஷெர்லாக் ஹோம்ஸ் சங்கத்தினர் 1968இல் விக்டோரியா காலத்து உடையில் அங்கே வந்து, அருவியின் அருகே அந்த மரணப் போராட்டத்தை நடித்துக் காட்டினார்கள். அன்று ஹோம்ஸாக நின்றவர், முன்பு இந்தியாவில் பிரிட்டிஷ் ஹை கமிஷனராக இருந்த பால் கோர்-பூத். 1988இல் ஊரில் ஹோம்ஸ் சிலை எழுந்தது. 1991இல் அருங்காட்சியகம் திறந்தது. தங்கள் நாயகன் சாகும் காட்சியை நடித்தவர்கள் அவனை வெறுத்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

உண்மையான வெறுப்பு எங்கே?

எல்லாக் கொடுமையும் அன்பு என்று சொல்லிவிடவும் முடியாது. ரசிகர்களே ‘பேஷிங்’ என்று பெயரிட்டு அடையாளம் காட்டும் ஒரு வகை இருக்கிறது. எழுதுபவர் விரும்பும் காதல் ஜோடிக்குக் குறுக்கே நிற்கும் பாத்திரம், பெரும்பாலும் ஒரு பெண், திடீரென்று பேராசைக்காரியாகவும் அறிவற்றவளாகவும் மாற்றப்படுவாள். மூலக் கதையில் அவளுக்கு இருந்த குணம் பறிக்கப்படும். அவள் அவமானப்படும்போது அருகில் நிற்பவர்கள் சிரிப்பார்கள்; அவள் வலியைப் பார்க்கக் கதையில் ஒரு கண்ணும் இருக்காது.

மூன்றாவது வகையில் கோபம் பாத்திரத்தைத் தாண்டி, அது சுமந்து நிற்கும் கருத்தின்மேல் பாய்கிறது. சுவிஸ் எழுத்தாளர் மாக்ஸ் ஃப்ரிஷ் 1971இல் ‘பள்ளிக்கூடத்துக்கான வில்லியம் டெல்’ நூலை எழுதினார். மகன் தலையில் வைத்த ஆப்பிளை அம்பால் பிளந்த விடுதலை வீரன் டெல், இந்நூலில் முசுட்டுக் குடியானவனாகச் சுருங்குகிறான். கொடுங்கோலனாக அறியப்பட்ட ஆளுநரோ உடல்நலம் குன்றி, மலைக்காற்றில் தலைவலியோடு, எப்போது ஊர் திரும்பலாம் என்று ஏங்கும் பருத்த மனிதர். தேசிய நாயகனை இழிவுபடுத்திவிட்டதாக இதைக் கருத இடம் உண்டு. ஆனால் ஃப்ரிஷ் உடைக்க முயன்றது, கேள்வி கேட்காமல் ஒப்பிக்கப்படும் தேசப் பெருமிதத்தை.

தமிழில் புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ இந்த வரிசையில் வருகிறது. சீதையை ராமன் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்டு அகலிகை மீண்டும் கல்லாகிறாள். கதை ராமனிடம் கடுமை காட்டுவது, பெண்ணுக்கு ஒரு நீதி ஆணுக்கு ஒரு நீதி என்ற முறையைக் கேள்விக்குள்ளாக்கவே.

ஆகவே காயங்களை எண்ணி வெறுப்பை அளக்க முடியாது. அடிபட்ட பாத்திரம் தன் குணத்தோடும் குரலோடும் இருக்கிறதா, அதன் வலியைக் கதை பொருட்படுத்துகிறதா, அந்த வலியால் வாசகருக்கு ஏதேனும் தெளிவாகிறதா என்பவையே பார்க்க வேண்டியவை. இம்மூன்றும் இருந்தால் எவ்வளவு கடுமையான கதையும் வெறுப்பின் சான்று ஆகாது. இவை இல்லாவிட்டால், ஒரு துளி ரத்தம் சிந்தாத கதையிலும் வெறுப்பு இருக்கலாம். ரைக்கன்பாக் பாறையில் ரசிகர்கள் பதித்திருக்கும் பலகை ஹோம்ஸ் மாண்டதைச் சொல்வதில்லை; மோரியார்ட்டியை அவன் வென்றதையே சொல்கிறது.