படம் முடிந்தது, விமானம் எங்கே?

சினிமாவில் சாகசம் செய்த பழைய சிறு விமானங்கள், படப்பிடிப்பு முடிந்த பிறகு என்ன ஆயின? இன்று இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதல் உலகப் போர் முடிந்தபோது, அமெரிக்காவில் ‘ஜென்னி’ என்கிற பயிற்சி விமானங்கள் ஏராளமாக மிஞ்சின. ராணுவம் அவற்றை மலிவாக விற்றது. மரச்சட்டம், துணி, கம்பி, ஒரு என்ஜின், அவ்வளவுதான். ஒன்றை மோதி உடைத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். காலப்போக்கில் அவை அரிதாகிப்போயின.

அதன் பிறகு நகல்களைக் கட்டவேண்டி வந்தது. ‘தோஸ் மேக்னிஃபிசென்ட் மென் இன் தேர் ஃப்ளையிங் மெஷின்ஸ்’ என்ற படம் 1965இல் வந்தது. 1910இல் லண்டனிலிருந்து பாரிஸுக்கு நடக்கும் விமானப் போட்டிதான் கதை. இந்தப் படத்துக்காகப் பழைய வடிவத்திலேயே, உண்மையாகப் பறக்கும் விமானங்களைக் கட்டினார்கள். என்ஜின்கள் மட்டும் பிற்காலத்தவை. ‘டெமொய்செல்’ என்ற குட்டி விமானம் எடை தாங்கவில்லை. அதனால் உருவத்தில் சிறியவரான ஜோன் ஹியூஸ் என்ற பெண் விமானி அதை ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ விமானங்களை இடம் மாற்றிக் கொடுத்தவர் அவர்.

அதே 1965, ஜூலை 8. அரிசோனாவின் யூமா அருகே பாலைவனத்தில் ‘தி ஃப்ளைட் ஆஃப் தி ஃபீனிக்ஸ்’ படப்பிடிப்பு. பல விமானங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு விமானத்தைப் பால் மான்ட்ஸ் ஓட்டினார். ஹாலிவுட்டின் மூத்த சாகச விமானி. தரையைத் தொட்டு மேலெழும் காட்சியை ஒருமுறை எடுத்தாயிற்று. மறுமுறை எடுக்கும்போது விமானம் தரையில் மோதி உடைந்தது. மான்ட்ஸ் இறந்தார். உடன் இருந்தவர் காயத்துடன் பிழைத்தார். மீதிக் காட்சிகளை வேறொரு பழைய விமானத்தை வைத்து முடித்தார்கள்.

முதல் படத்துக்குக் கட்டிய ‘பாக்ஸ்கைட்’, ‘அவ்ரோ ட்ரைப்ளேன்’ நகல்கள் இங்கிலாந்தின் ஓல்ட் வார்டனில், ஷட்டில்வொர்த் சேகரிப்பில் இருக்கின்றன. இன்றும் பறக்கும் நிலையில்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் காற்று அடங்கினால்தான் வெளியே எடுப்பார்கள். கூட்டம் காத்திருந்தாலும், காற்று இருந்தால் பறப்பு கிடையாது.

நான் செவிலியர். வார்டில் கடிகாரம் ஒன்று சொல்லும், நோயாளியின் நாடி வேறொன்று சொல்லும். நாங்கள் நாடியைத்தான் கேட்கவேண்டும். படப்பிடிப்பு கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறது. ஓல்ட் வார்டனில் காற்றைக் கேட்கிறார்கள். ஒரே படத்துக்காகக் கட்டிய விமானங்கள் அறுபது ஆண்டுகள் தாண்டி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர்கள் கோடையில் ஒரு விமானக் காட்சிக்குப் போய்வாருங்கள். மாலைவரை இருங்கள். புல் அசையாமல் நின்றால், அவை பறப்பதைப் பார்த்துவிட்டு வரலாம்.