மீன் வாயும் பத்து மில்லிமீட்டரும்

கணையத்தில் சுரக்கும் செரிமான நீரைச் சிறுகுடலுக்குக் கொண்டுசேர்க்கும் குழாயின் அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். 1982-இல் ஜப்பானிய மருத்துவர் ஓஹாஷியும் சகாக்களும், நான்கு நோயாளிகளிடம் இந்தக் குழாய் வீங்கி, அதன் வாய் மீன் வாயைப்போலத் திறந்து கோழையை வடித்துக்கொண்டிருந்ததைப் பதிவு செய்தார்கள். குழாயின் உட்சுவரில் முளைத்த கட்டிதான் கோழையைச் சுரந்தது. வழக்கமான கணையப் புற்றைவிட இது சாதுவாக நடந்துகொண்டது. இன்று இதற்கு ஐ.பி.எம்.என். என்று பெயர். இந்த நோயில் கட்டியைக் கண்டுபிடிப்பதைவிட, எதை வெட்டுவது, எதை விட்டுவைப்பது என்று தீர்மானிப்பதே கடினம் என்பேன்.

கட்டி எங்கே முளைத்தது என்பதைப் பொறுத்தே அந்தத் தீர்மானம் தொடங்குகிறது. பிரதானக் குழாயில் வருவது அரிது, ஆனால் அபாயமானது. அறுவை செய்து பார்த்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் புற்றோ அதற்கு முந்தைய முற்றிய மாற்றமோ இருந்திருக்கிறது. கிளைக் குழாயில் வருவது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். எனவேதான் 2024-இல் வெளியான கியோட்டோ வழிகாட்டுதல் மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கிறது: பிரதானக் குழாய் 10 மி.மீ. அகன்றாலோ, உள்ளே 5 மி.மீ. முடிச்சு ஒன்று ஸ்கேன் மருந்தை உறிஞ்சிப் பளிச்சிட்டாலோ, கணையத்தின் தலைப்பகுதிக் கட்டி மஞ்சள் காமாலையைக் கொண்டுவந்தாலோ கத்திதான் வழி. இந்த எல்லைகளை எட்டாமல், ஆனால் சந்தேகத்துக்கிடமாக இருப்பவர்களுக்கு எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் உதவுகிறது. கணையம் இரைப்பைக்கு நேர் பின்னால் இருப்பதால், வாய்வழியே இறங்கும் கருவி அதை மிக அருகிலிருந்து பார்க்கிறது. ஊசி போட்டு நீரும் எடுக்கலாம். அந்த நீரில் சி.இ.ஏ. என்ற புரதம் மிகுந்திருந்தால் இது கோழைக் கட்டி எனலாம். புற்றாகிவிட்டதா என்பதை அது சொல்லாது. இந்த வேறுபாடு தெரியாமல் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கலங்குவோர் பலர்.

கணையப் புற்று பெரும்பாலும் முற்றிய பிறகே தெரியவருகிறது. அப்படியிருக்க, அதன் வித்தாகக்கூடிய எதையும் ஏன் விட்டுவைக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விப்பிள் அறுவை சிகிச்சையில் கணையத் தலையோடு முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் ஒரு பகுதி எல்லாம் போகின்றன. பிறகு கணையம், பித்தக்குழாய், இரைப்பை மூன்றையும் குடலோடு புதிதாகத் தைக்க வேண்டும். நல்ல அனுபவமுள்ள மருத்துவமனைகளில்கூட நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இறக்கிறார்கள். தையல் கசிவு போன்ற சிக்கல்கள் இன்னும் பலருக்கு. கணையம் முழுவதையும் எடுத்தால் ஆயுளுக்கும் இன்சுலின், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் நொதி மாத்திரை. சாதுவான ஒரு கிளைக் கட்டிக்கு இது பெரிய விலை.

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் 2020 ஆய்வு இந்த வாதத்துக்கு இன்னொரு திருப்பம் தந்தது. கிளைக் கட்டியுள்ள 1,404 பேரைத் தொடர்ந்து கவனித்ததில் 68 பேருக்குப் புற்று வந்தது. அவர்களில் 30 பேருக்கு அது கட்டியிலிருந்து வரவில்லை, கணையத்தின் வேறொரு மூலையில் தனியாக முளைத்தது. கட்டியை மட்டும் வெட்டி எறிந்திருந்தால் அவர்களுக்கு என்ன பயன்? அதே ஆய்வு எதிர்த்தரப்பின் வாயையும் அடைக்கிறது. ஐந்தாண்டு மாற்றமில்லை என்றால் ஸ்கேனை நிறுத்திவிடலாம் என்று அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவச் சங்கம் 2015-இல் சொன்னது. ஆனால் புற்றின் விகிதம் ஐந்தாண்டில் 3.3 சதவீதம், பதினைந்தாண்டில் 15 சதவீதம்.

ஓயாத ஸ்கேன் செலவும் மனக்கலக்கமும் பொய்யல்ல. கியோட்டோ வழிகாட்டுதலும் இதை மறுக்கவில்லை: 2 செ.மீ.-க்குக் குறைந்த கட்டி ஐந்தாண்டு அசையாமல் இருந்தால், தொடர்வதா நிறுத்துவதா என்பதை நோயாளியின் வயதையும் உடல்நிலையையும் வைத்துப் பேசி முடிவுசெய்ய இடம் தருகிறது. எண்பது வயது இதய நோயாளி நிறுத்திக்கொள்ளலாம். அதே அளவுக் கட்டியோடு ஐம்பது வயதில் இருப்பவர் அடுத்த எம்.ஆர்.ஐ.க்குத் தேதி வாங்கிக்கொள்வதே நல்லது.