பவர் பிரஸ் உடைந்தால் யார் பொறுப்பு?

பெங்களூரு பீன்யாவில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் பவர் பிரஸ் அடிக்கும் சத்தம் கேட்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் பலருக்கு அந்தச் சத்தம்தான் சோறு போடுகிறது. பிரஸ் நின்றால் வேலையும் நின்றுவிடும். கிராங்க் ஷாப்ட் முறிந்துவிட்டாலோ, கடைசியாகப் பெடலை மிதித்தவர் தலையில்தான் பழி விழும்.

பெரும்பாலும் இது நியாயமற்ற பழி. இரும்பு அப்படி ஒரே அடியில் முறிவது அபூர்வம். மயிரிழை போன்ற விரிசல் ஒன்று தோன்றி, அடி மேல் அடி வாங்கி, பல மாதம் வளர்ந்திருக்கும். முறிந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். பழைய விரிசல் ஓடிய பகுதி வழவழப்பாக இருக்கும். அன்று முறிந்த பகுதி மட்டும் சொரசொரப்பாக, புது இரும்பாக மின்னும். துண்டுகளை ஸ்கிராப்பில் போடுவதற்கு முன் பிட்டரை அழைத்து இதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

விரிசலுக்கு முதல் காரணம் மிதமிஞ்சிய பளு. 2 மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரண இரும்புத் தகட்டில் 50 மில்லிமீட்டர் வட்டம் வெட்ட ஏறக்குறைய 11 டன் விசை வேண்டும். 20 டன் பிரஸ்ஸுக்கு அது எளிய வேலை. எண்ணெய்ப் பிசுக்கில் இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டால் 22 டன்! பஞ்ச் முனை மழுங்கியிருந்தால் இன்னும் கூடும். வெட்டிய துண்டில் பிசிர் தெரிகிற அன்றே பஞ்சைக் கிரைண்டிங்குக்கு அனுப்புவதுதான் லாபம். ‘இன்னும் 1,000 பீஸ் ஓடட்டும்’ என்பது நஷ்டக் கணக்கு.

சில பிரஸ்களில் ராமுக்குள் ஷியர் பிளேட் என்ற சிறு தகடு உண்டு. பளு கூடினால் அது முறிந்து கிராங்க்கைக் காப்பாற்றும். வீட்டு மின்சாரத்தில் பியூஸ் செய்கிற வேலைதான். அடிக்கடி போகிறதே என்று கனமான தகட்டைத் திணிப்பவர்களும் உண்டு. பியூஸுக்குப் பதில் ஆணியைச் செருகுகிற புத்தி இது!

மற்றதெல்லாம் தினசரி வேலை. ஷிப்ட் தொடங்குமுன் பேரிங்குகளுக்கும் ராம் ஓடும் தடங்களுக்கும் எண்ணெய் விட வேண்டும். டை போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, டைக்குள் பழைய துண்டு ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புது டை மாட்டினால், மோட்டாரை அணைத்து, பிளைவீலைக் கையால் சுற்றி ராம் முழுவதும் இறங்கி ஏறுகிறதா என்று பார்த்த பிறகே ஓட்ட வேண்டும்.

கிளட்ச் ஸ்பிரிங் தனி விஷயம். அது தளர்ந்தாலோ முறிந்தாலோ, மிதிக்காமலே ராம் இரண்டாம் தடவை இறங்கிவிடும். அதில் போவது விரல். ஒரே ஒரு தடவை அப்படி இறங்கினாலும் வேலையை நிறுத்திவிட வேண்டும். மோட்டாரை அணைத்த பிறகும் பிளைவீல் சற்று நேரம் சுற்றும். அது நிற்கும்வரை டைக்குள் கை போகக் கூடாது.