குறைகாணலிலிருந்து எல்லைகாணலுக்கு: வாகன ஓட்டலிலும் விளையாட்டிலும் மனிதச் செயல்திறன் அளவீடு

ஆய்வுச் சுருக்கம்

வாகனம் ஓட்டுதலும் விளையாட்டும் மிகக் குறுகிய நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய செயல்கள். அவற்றில் நேரும் பிழையைத் தனிமனிதரின் கவனக்குறைவாகவோ ஏமாற்றாகவோ கருதுவதே வழக்கம். கருவிவழி அளவீடு அவ்வழக்கத்தைத் திருத்தி, உடலும் புலன்களும் எட்டக்கூடிய எல்லையைக் காட்டுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதன்மைச் சொற்கள்: உயிரியக்கவியல், எதிர்வினை நேரம், கண்ணசைவுப் பதிவு, சாலைப் பாதுகாப்பு, பந்துவீச்சு.

முன்னுரை

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்த திருமுல்லைவாயிலின் ஊடாகச் சென்னை - திருத்தணி நெடுஞ்சாலை செல்கிறது. சரக்குந்துகளும் மாநகரப் பேருந்துகளும் இருசக்கர வாகனங்களும் சாலையைக் கடப்போரும் அதனைப் பகிர்ந்துகொள்கின்றனர். அதே மேற்குப் புறநகர்ப் பகுதியில், போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் சோதனைக்கூடம், பந்துவீச்சு முறையை ஆராய்வதற்குப் பன்னாட்டு கிரிக்கெட் மன்றத்தின் ஏற்பைப் பெற்றது. தொடர்பற்றவையாகத் தோன்றும் இவ்விரு களங்களையும் இணைப்பது ஒரு வினா: கண்ணுக்குக் குறையாகத் தெரிவது உண்மையில் குறைதானா?

முழங்கையின் கோணம்

இலங்கைப் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று 1995 டிசம்பரில் மெல்போர்ன் ஆட்டத்தில் நடுவர் அறிவித்தார். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்தப்பட்ட ஆய்வு, அவரது முழங்கை பிறவியிலேயே முழுமையாக நிமிராதது என்பதை வெளிப்படுத்தியது. கை வளைந்திருத்தல் விதிமீறல் அன்று. வீசும்போது அது நிமிர்தலே விதிமீறலாகும். வெறுங்கண்ணால் இவ்விரண்டையும் பிரித்தறிதல் அரிது. பின்னர், பெரும்பாலான பந்துவீச்சாளர்களின் முழங்கை ஓரளவு நிமிர்கிறது என்பது அளவீட்டால் புலப்பட்டது. அதன் விளைவாக, 15 பாகை வரையிலான நிமிர்வு 2005 முதல் அனைவருக்கும் ஏற்கப்பட்டது.

இச்சோதனையில் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய இடங்களில் ஒளிதிருப்பும் குறிகள் ஒட்டப்படுகின்றன. பல திசைகளில் நிறுத்தப்பட்ட அதிவேகக் கேமராக்கள் அவற்றின் இயக்கத்தைப் பதிவுசெய்கின்றன. கை கிடைமட்டத்தை அடையும் கணம் முதல் பந்து விடுபடும் கணம் வரை முழங்கையின் கோணம் கணக்கிடப்படுகிறது. பாகிஸ்தான் வீரர் முகமது ஹபீஸ் 2015 ஏப்ரலில் சென்னையில் நடந்த சோதனையில் தேறினார். அவ்வாண்டு ஜூலையில் அங்கேயே நடந்த சோதனையில் வரம்பை மீறியது கண்டறியப்பட்டது. எனவே அளவீடு என்பது ஒரு கணத்தின் சான்றே. வாழ்நாள் தீர்ப்பன்று என்பது தெளிவாகிறது.

நொடிகளின் தொலைவு

ஓட்டுநரின் செயலையும் இவ்வாறே அணுகலாம். தடையொன்றைக் கண்டு, உணர்ந்து, தடையமைப்பை அழுத்த ஓட்டுநருக்கு 2.5 நொடி தேவை என இந்தியச் சாலைப் பேராயத்தின் வடிவமைப்பு நெறி கொள்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் அந்நேரத்தில் ஏறத்தாழ 42 மீட்டர் கடந்துவிடும்; முற்றிலும் நிற்க ஏறத்தாழ 80 மீட்டர் வேண்டும். வேகத்தை 40 கிலோமீட்டராகக் குறைத்தால் 45 மீட்டர் போதும். 50 மீட்டர் தொலைவில் ஒருவர் சாலையில் இறங்கினால், இக்கணக்கின்படி முதலாமவரால் வாகனத்தை நிறுத்த இயலாது, இரண்டாமவர் நிறுத்திவிடுவார். ஓட்டுநரின் திறமையைவிட, அவர் தேர்ந்த வேகமும் சாலை தரும் பார்வைத் தொலைவுமே இங்கு முடிவைத் தீர்மானிக்கின்றன.

முந்திச் செல்லும் பார்வை

எல்லைக்குள் சிறப்பாகச் செயல்படுவோர் எவ்வாறு செயல்படுகின்றனர் என்பதற்குக் கண்ணசைவுப் பதிவுக் கருவி விடையளித்தது. பிரித்தானிய ஆய்வாளர் மைக்கேல் லேண்ட் இரு களங்களிலும் இக்கருவியைப் பயன்படுத்தினார். 1994இல் டேவிட் லீயுடன் இணைந்து வெளியிட்ட ஆய்வு, வளைவில் திரும்புமுன் ஓட்டுநரின் பார்வை வளைவின் உள்விளிம்பில் உள்ள தொடுபுள்ளியை நாடுவதைக் காட்டியது. 2000இல் பீட்டர் மெக்லியோடுடன் வெளியிட்ட ஆய்வின்படி, மட்டையாளர் பந்தை இடைவிடாது பின்தொடர்வதில்லை. அது தரையில் படவிருக்கும் இடத்திற்குப் பார்வையை முன்கூட்டியே செலுத்துகிறார். தேர்ந்தவரின் பார்வை விரைந்து அங்கே சென்றடைகிறது. ஆகவே திறன் என்பது விரைந்து எதிர்வினையாற்றுதல் மட்டுமன்று, முன்னுணர்தலும் ஆகும்.

அளவீட்டிலிருந்து பயிற்சிக்கு

முன்னுணர்தலைப் பயிற்றுவிக்க இயலும் என்னும் கருத்தின் அடிப்படையில், பிரிட்டன் 2002இல் ஓட்டுநர் தேர்வில் காணொளிவழி இடர் உணர்தல் சோதனையைச் சேர்த்தது. உருவாகிவரும் இடரை எவ்வளவு முன்னதாக உணர்கிறாரோ அதற்கேற்ப மதிப்பெண் வழங்கப்படுகிறது. தமிழகத்தில் இருசக்கர வாகன உரிமத்திற்குப் போட்டுக்காட்டும் 'எட்டு', வண்டியைக் கட்டுப்படுத்தும் திறனையே அளக்கிறது, முன்னுணர்தலை அளப்பதில்லை. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம், நிகழ்விடத்திலேயே காவலர் செயலிவழி விவரங்களைப் பதிவுசெய்ய வழிசெய்கிறது. ஓட்டுநரின் பிழையுடன் சாலையின் பங்கையும் ஆராய இத்தகைய பதிவு அடிப்படையாகிறது.

முடிவுரை

ஓட்டுநர் இருக்கையின் எதிரே பொருத்தப்படும் கேமராவும் பந்துவீச்சாளரின் கையில் ஒட்டப்படும் குறியும் தொழில்நுட்ப அளவில் ஒத்தவையே. பந்துவீச்சாளருக்கு வரம்பு முன்னரே அறிவிக்கப்படுகிறது. திருத்தப் பயிற்சியும் மறுசோதனையும் கிடைக்கின்றன. நாள்தோறும் பலரது உயிரைச் சுமந்து செல்லும் பேருந்து ஓட்டுநருக்கும் அவ்வுரிமைகள் உரியன. தண்டனைக்கான சான்றாக மட்டும் பயன்படும் அளவீடு அச்சத்தை வளர்க்கும். பயிற்சிக்கும் சாலைச் சீரமைப்புக்கும் பயன்படும் அளவீடே உயிர்காக்கும் எனலாம்.