மோட்டார் வண்டியின் வெப்பக் கூடு

வெயிலுக்குப் பெயர்போன நெல்லைச் சீமையிலே மோட்டார் வண்டிக்குள் வெப்பமூட்டும் கருவி எதற்கு என்று நகைப்போர் பலர். சித்திரை மாதத்து நண்பகலில், சேரன்மகாதேவிக் கடைவீதியில் நிறுத்தி வைத்த காரின் கதவைத் திறந்தவர் எவரும் அங்ஙனம் நகைக்கவே செய்வர். ஆயினும் இந்நாளில் ஓடும் கார்களிற் பெரும்பாலனவற்றில் அக்கருவி இருக்கின்றது. மலிவான சில வகைகளிலேதான் அஃது இல்லை. முகப்புப் பலகைக்குப் பின்னே கண்ணுக்குத் தெரியாது ஒடுங்கியிருத்தலின், அது கெட்ட பின்னரே அதன் இருப்பைப் பலர் அறிகின்றனர். அறிந்த அன்றே ஒரு பெருஞ்செலவையும் உடன் அறிகின்றனர். பணிமனைகளில் ‘ஹீட்டர் கோர்’ என்று வழங்கும் இதனை யாம் இக்கட்டுரையில் வெப்பக் கூடு என்போம்.

இதன் இயல்பை அறிதற்கு முதலில் எஞ்சினின் வெப்பக் கணக்கை அறிதல் வேண்டும். பெட்ரோல் எரிதலால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் ஆற்றலாகின்றது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகின்றது. எஞ்சிய பங்கை எஞ்சினைச் சுற்றியோடும் நீர் ஏற்றுக்கொண்டு, முன்புறத்துள்ள ரேடியேட்டருக்குக் கொண்டுசென்று காற்றில் விடுகின்றது. வீணே போகும் இவ்வெப்பத்திற் சிறிது வண்டியினுள்ளே வேண்டுமாயின், அந்நீரில் ஒரு கிளையை உள்ளே திருப்பினாற் போதும். அவ்வாறு திருப்பிய நீர் பாயும் சிறு ரேடியேட்டரே வெப்பக் கூடு. பெரிய புத்தகம் ஒன்றின் அளவினதாகிய அதனுள்ளே மெல்லிய குழாய்களும், அவற்றினிடையே மடித்த தகடுகளும் நெருங்கியிருக்கும். விசிறி அதன்மேற் காற்றைச் செலுத்த, காற்று வெம்மை பெற்று உள்ளே வரும். நீரின் வெம்மை எண்பது முதல் தொண்ணூற்றைந்து டிகிரி வரை இருத்தலின், இதற்கெனத் தனியே எரிபொருள் வேண்டுவதில்லை.

குளிர்நாட்டார் முதலிற் புகைக்குழாயின் சூட்டையே வண்டிக்குள் விட்டுப் பார்த்தனர்; நச்சுப்புகை உடன் புகும் இடர் அதில் இருந்தது. 1930 அளவில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் எஞ்சின் நீரைக்கொண்டே சூடேற்றும் முறையைக் கொணர்ந்தனர். நம் நாட்டில் அக்காலத்து வண்டியோட்டிகளுக்கு இருந்த கவலையோ வேறு. நம் மாவட்டத்துத் திருக்குறுங்குடியிற் பிறந்து, 1912இல் பேருந்துத் தொழிலில் இறங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார் காலத்துப் பேருந்துகளுக்குச் சூடு வேண்டியதில்லை. சூடு தணியவே வழி வேண்டியிருந்தது. ரேடியேட்டர் கொதித்தால் வழியிற் கண்ட கிணற்று நீரை ஊற்றுதலே மருந்து. அப்பழக்கம் இன்றும் நம்மை விட்டு அகலவில்லை. வெப்பக் கூட்டின் நோய்களுட் பெரும்பாலன அங்கேதான் பிறக்கின்றன.

நம் வீடுகளில் வெந்நீர் வைக்கும் தவலையின் உட்புறத்தை நோக்குக. சில மாதங்களில் அதில் வெண்ணிறமான பொருக்குப் படிந்திருக்கக் காண்கின்றோம். கிணற்று நீரிலும் ஆழ்துளைக் குழாய் நீரிலும் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, சூடேறியவுடன் கரிவளியை விட்டுக் கல்லாக உறைந்து ஒட்டிக்கொள்ளுதலே அதன் காரணம். தவலையாயின் புளியிட்டுத் தேய்த்து விடலாம். நெல் நுழையவும் மாட்டாத வெப்பக் கூட்டுக் குழாயினுள்ளே யார் சென்று தேய்ப்பது? பொருக்கு வெப்பத்தைக் கடத்துந் திறம் செம்பின் திறத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே தாள் போன்ற மெல்லிய படிவே கூட்டின் ஆற்றலைக் குறைத்துவிடும். படிவு தடித்தபோது நீரோட்டமே நின்றுபோம்.

‘எம் ஊரிற் பொருநை ஓடுகின்றதே, கன்னடியன் கால்வாய் நீர் இருக்கின்றதே, அஃது மலைநீர்தானே’ என்று ஒருவர் எம்மிடம் வாதிட்டார். ஆற்று நீர் கிணற்று நீரினும் மென்மையுடையது என்பது உண்மையே. எனினும் நீரில் உப்பு இல்லாதிருத்தல் மட்டும் போதாது. எஞ்சினில் இரும்பும் அலுமினியமும், பழைய வண்டிகளிற் செம்பும் பித்தளையும் ஈயப் பற்றும் ஒரே நீரில் நனைந்து நிற்கின்றன. வெவ்வேறு உலோகங்கள் ஒரு நீரில் நின்றால் மின்கலத்திற் போலவே ஒன்று மற்றொன்றை அரிக்கும். முற்காலத்து வெப்பக் கூடுகள் செம்பினாலும் பித்தளையினாலும் ஆயின. பிற்காலத்தன பெரும்பாலும் அலுமினியத்தால் ஆயின. (தாமிரத்தைப் பெயரிலே தாங்கிய ஆற்றின் கரையில் இருந்துகொண்டு, செம்பு போய் அலுமினியம் வந்ததே என்று வருந்துதல் தமிழ் மாணவர்க்கு இயல்பேயாயினும், எடைக்குறைவும் விலைக்குறைவும் கருதிச் செய்த மாற்றம் அது.) இவ்வரிப்பைத் தடுக்கும் மருந்துகள் ‘கூலண்ட்’ எனப்படும் திரவத்திற் கலந்திருக்கின்றன. பனி காணாத நம்மூருக்கு உறைதடுக்கும் மருந்து எதற்கு என்பார், அதன் பாதித் தொழிலையே அறிந்தவராவர். அது நீரின் கொதிநிலையையும் உயர்த்தும். ஆதலின் வாலைவடி நீரோடு வண்டியின் கைந்நூல் கூறும் அளவிற் கூலண்டைக் கலந்து, அந்நூல் கூறும் காலத்தில் மாற்றுதலே வெப்பக் கூட்டுக்குச் செய்யத்தக்க முழுப் பராமரிப்பு. பச்சை, சிவப்பு என்னும் நிறத்தை நம்பி இரு வகைகளைக் கலத்தல் ஆகாது. நிறம் ஒன்றாயினும் மருந்து வேறாயிருத்தல் உண்டு.

இனி நோயறிதல். முன்னிருக்கையின் காலடியில் ஈரம் கண்டவுடன் ‘கூடு ஓட்டையாயிற்று’ என்று முடிவுகட்டும் மேஸ்திரிகளை யாம் கண்டிருக்கின்றோம். இந்நாளைய கார்களில் குளிரூட்டும் கருவியும் வெப்பக் கூடும் ஒரே பெட்டியுள் அண்டை வீட்டாராய் இருக்கின்றன. குளிர்ந்த தகடுகளிற் காற்றின் ஈரம் வியர்த்து வழிந்து, ஒரு சிறு குழாய் வழியே வண்டிக்கடியிற் சொட்டும். நம் பக்கத்துப் புழுதியால் அக்குழாய் அடைபட்டால் அந்நீர் உள்ளே வழியும். அதற்குக் குழாயைத் துப்புரவு செய்தலே போதும். கால் மணி நேர வேலை. இவ்விரண்டையும் பிரித்தறிய வெள்ளைத்தாள் ஒன்று போதுமானது. ஈரத்தில் அதனை ஒற்றியெடுக்குக. நிறமும் மணமும் பிசுக்கும் இன்றி இருப்பின் அது வெறும் நீர். நிறம் பற்றி, விரலிற் பிசுபிசுத்து, இனிப்பு மணம் வீசுமாயின் அது கூலண்ட். இரண்டாவதாயின் முகப்புக் கண்ணாடியில் எண்ணெய்ப் பசையுள்ள மூடுபனி படிதலும், எஞ்சின் அறையிலுள்ள கூலண்ட் புட்டியில் மட்டம் நாளுக்குநாள் குறைதலும் உடன் காணப்படும். ஈரத்தை உலர்த்தாது விட்டால் விரிப்பின் அடியிலுள்ள தகடு துருவேறும். பத்தமடைக் கோரைப்பாயாயின் எடுத்து வெயிலில் உதறிப் போடலாம். காரின் விரிப்போ இருக்கைகளைக் கழற்றினாலன்றி வெளியே வாராது.

அடைப்பை அறிதல் இதனினும் எளிது. எஞ்சின் நன்கு சூடேறியபின், அதற்கும் உட்புறத்துக்கும் இடையிலுள்ள தகட்டினூடே செல்லும் இரு ரப்பர்க் குழாய்களையும், சுழலும் விசிறியினின்று கையை விலக்கி, மெல்லத் தொட்டுப் பார்க்குக. இரண்டும் ஒத்த சூடாயின் நீரோட்டம் நன்று. ஒன்று சூடாகவும் மற்றொன்று ஆறியும் இருப்பின் கூடு அடைபட்டது, அல்லது வழியிலுள்ள வால்வு திறக்கவில்லை. இரண்டுமே வெதுவெதுப்பாயின் கூட்டைக் குறைகூறாது, தெர்மோஸ்டாட்டையும் கூலண்ட் மட்டத்தையும் ஆராய்தல் வேண்டும். அடைபட்ட கூட்டை, எஞ்சின் முற்றும் ஆறிய பின்னர், இரு குழாய்களையும் கழற்றி, நீர் வழக்கமாக வெளிவரும் வாயின் வழியே மெல்லிய நீரோட்டத்தைச் செலுத்திக் கழுவுவர். எதிர்த்திசையிற் செல்லும் நீர் படிவைத் தளர்த்திக் கொணரும். முரட்டு அழுத்தத்தில் நீர் பாய்ச்சினால் நைந்த கூடு அன்றே ஓட்டையாகும்.

கூடு ஓட்டையானபோது நம் பக்கத்துப் பணிமனைகள் சிலவற்றிற் செய்யும் வைத்தியம் வேறு. இரு ரப்பர்க் குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்து, கூட்டை நீரோட்டத்தினின்று விலக்கி விடுவர். செலவு சில நூறு ரூபாய். முகப்புப் பலகையைக் கழற்றும் தொல்லையும் இல்லை. அவசரத்துக்கு இது தக்கதே. சமவெளியிலேயே உழலும் வண்டிக்கு இதனாற் பெருங்கேடு உடனே நேராது. இவ்வாறு இணைக்காது குழாய்களின் வாயை அடைத்து விடுதல் சில எஞ்சின்களில் நீரோட்டத்தையே கெடுக்கும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

ஆயினும் சேரன்மகாதேவியில் இருப்பவர் எப்போதும் சமவெளியில் இருப்பவர் அல்லர். மேற்கே கல்லிடைக்குறிச்சி கடந்து மணிமுத்தாறு சென்றால், அங்கிருந்து மாஞ்சோலைக்கு மலைப்பாதை ஏறுகின்றது. வனத்துறையின் அனுமதியோடு செல்லும் அவ்வழி ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை எட்டும். மழைக்காலத்து மாலையில் அங்கே கண்ணாடியின் உட்புறம் மூச்சின் ஈரத்தால் மூடிக்கொள்ளும்; வளைவுக்கு வளைவு கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு ஓட்டுதல் அறிவுடைமையாகாது. வெம்மையான உலர்காற்றைக் கண்ணாடியின்மேல் வீசச்செய்தால் அது விரைவில் தெளியும். மற்றொன்று: ஏற்றத்தில் எஞ்சினின் சூட்டுமுள் மேலேறத் தொடங்கினால், குளிரூட்டியை நிறுத்தி, வெப்பமூட்டியை முழுவதும் திறந்து, விசிறியை மிகுதியாக வைத்தல் ஓர் உபாயம். உள்ளிருப்போர் வியர்வையில் நனைவர்; ஆனால் வெப்பக் கூடு இரண்டாம் ரேடியேட்டராய் நின்று, நிறுத்தத்தக்க இடம் வரும்வரை எஞ்சினைக் காக்கும். கூட்டைத் துண்டித்தவனுக்கு இவ்வுதவி இல்லை. ஆதலின் மலைப்பாதைப் போக்குவரத்துள்ள வண்டிக்குப் புதிய கூடு இடுதலே தக்கது என்பது எம் கருத்து.

புதிய கூடு இடுதலில் கூட்டின் விலையினும் கூலியே பெரிது. சில வண்டிகளில் ஒரு நாள் முழுதும் வேலை கொள்ளும். எஞ்சின் ஆறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடவே கூடாது. மூடியின் அழுத்தத்தால் நூறு டிகிரிக்கு மேலும் கொதியாதிருந்த நீர், அழுத்தம் நீங்கிய கணத்தில் ஆவியாய்ச் சீறி முகத்தில் அடிக்கும். பின்பு பாட்டரியைத் துண்டித்து, முகப்பிலுள்ள காற்றுப்பைகளின் மின்சாரம் அடங்கக் கைந்நூல் கூறுமளவு காத்திருந்து, கூலண்டை வடித்து, முகப்புப் பலகையைக் கழற்றுவர். எந்தத் திருகாணி எந்த இடத்தது எனத் தாளில் எழுதி வையாத மேஸ்திரியின் கையில் வண்டி திரும்பும்போது, முகப்புப் பலகை குண்டு குழிதோறும் கலகலவென்று பாடும். குளிரூட்டும் பெட்டியையும் அசைக்க வேண்டிய வண்டியாயின், அதன் வாயுவை உரிய கருவியால் முன்னரே வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். புதுக் கூட்டோடு ரப்பர் வளையங்களையும் கிளாம்புகளையும் புதியனவாக இடுதல் நன்று. பழைய வளையத்தால் மறுவாரமே ஒழுகத் தொடங்கினால் முழுவேலையும் மீண்டும் முதலிலிருந்து. கூட்டைச் சுற்றியுள்ள பஞ்சுப்பட்டையை மறந்தால் காற்று கூட்டினூடே செல்லாது பக்கவாட்டில் நழுவிவிடும்.

எல்லாம் பூட்டியபின், வெப்பமூட்டியை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு புதுக் கூலண்டைச் சிறிது சிறிதாக ஊற்றுவர். கூடு உயரத்தில் இருப்பின் காற்றுக்குமிழ் அங்கே தங்கி நீரை மறிக்கும். அதனை வெளியேற்றும் திருகு இருப்பின் அதைத் தளர்த்துதல் வேண்டும். ரேடியேட்டர் விசிறி ஒருமுறை தானே ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, மறுநாட் காலையில் மட்டத்தை மீண்டும் பார்த்து நிரப்புவர்.

வடித்த பழங் கூலண்டை என் செய்வது? பணிமனை வாசலில் ஊற்றிவிடுதலே பலர் வழக்கம். எத்திலீன் கிளைக்கால் என்னும் அதன் முதற்பொருள் நாவுக்கு இனிப்பானது, சிறுநீரகத்துக்கு நஞ்சு. தெருநாயும் கன்றும் இனிப்பை நாடி நக்கிச் சாகும். மழை வந்தால் ஓடையிற் கலக்கும். எம் ஊரின் ஓடைகள் வயலுக்கும் கால்வாய்க்கும் போகின்றன. கால்வாயிற் குளிப்பவர் நாம். ஆற்று நீரை ஊருக்குக் கீழே திருநெல்வேலியாரும் தூத்துக்குடியாரும் பருகுகின்றனர். ஆதலின் அதனை மூடியுள்ள தகரத்தில் வடித்து, மேலே ‘நஞ்சு’ என்றெழுதி, பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைத்து, பழைய எண்ணெயையும் திரவங்களையும் முறையாக வாங்கிக்கொள்ளும் பெரிய பணிமனையிற் சேர்ப்பித்தல் வேண்டும். குடிநீர்ப் புட்டியில் மட்டும் அதனை ஊற்றி வைத்தல் ஆகாது. நிறத்தைக் கண்டு சர்பத்து என்று கருதுதற்கு இடமுண்டு.