பேலியேட்டிவ் கேர் என்றால் கடைசி நாட்களுக்கு மட்டுமா? குடும்பத்தினர் கவனிக்க வேண்டிய 6 அறிகுறிகள்

"டாக்டர் கையை விரிச்சுட்டார், இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதான்." பல குடும்பங்கள் 'பேலியேட்டிவ் கேர்' என்ற வார்த்தையைக் கேள்விப்படுவதே இந்தக் கட்டத்தில்தான். ஆனால், அதற்குப் பல மாதங்கள் முன்பே அது தேவைப்பட்டிருக்கலாம்.

பேலியேட்டிவ் கேர் என்றால் என்ன?

தீவிர நோயால் வரும் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, மனச்சோர்வு போன்றவற்றைக் குறைத்து, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் துணை நிற்கும் சிகிச்சை இது. கீமோதெரபி, டயாலிசிஸ் போன்றவை நடக்கும்போதே இதையும் சேர்த்துக் கொடுக்கலாம். எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

கேன்சருக்கு மட்டும்தானா?

இல்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, இது தேவைப்படும் பெரியவர்களில் 34% பேர் புற்றுநோயாளிகள். இதய, ரத்தநாள நோயாளிகள் அதைவிட அதிகம், 38.5%. சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் பாதிப்பு, மறதி நோய் உள்ளவர்களுக்கும் தேவைப்படலாம். உலகில் ஆண்டுக்கு 5.68 கோடி பேருக்கு இது தேவை. கிடைப்பதோ சுமார் 14% பேருக்குத்தான்.

எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்காக பிரிட்டனின் எடின்பரோவில் 2010-ல் உருவாக்கப்பட்டது 'ஸ்பிக்ட்' என்ற வழிகாட்டி. அதில் உள்ள பொதுவான அறிகுறிகளில் முக்கியமானவை:

1. திடீர் திடீரென ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வருவது

2. பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிவது

3. குளிக்க, சாப்பிட, நடக்க அடுத்தவர் உதவி அதிகம் தேவைப்படுவது

4. சில மாதங்களில் உடல் எடை வெகுவாகக் குறைவது

5. சரியான சிகிச்சை எடுத்தும் வலி, மூச்சுத்திணறல் போன்றவை தீராமல் இருப்பது

6. பார்த்துக்கொள்பவரே "என்னால முடியல" என்று ஓய்ந்து போவது

தீவிர நோய் உள்ளவரிடம் இவற்றில் சில தெரிந்தாலே டாக்டரிடம் பேசலாம். 'மரணம் நெருங்கிவிட்டது' என்று இதற்கு அர்த்தம் இல்லை. 'கூடுதல் கவனிப்பு தேவை' என்பதுதான் அர்த்தம்.

சீக்கிரம் தொடங்கினால் என்ன லாபம்?

அமெரிக்காவின் பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2010-ல் வெளியானது. தொடக்கத்திலேயே பேலியேட்டிவ் கேரும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. பொதுவாக, அவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மாதங்களுக்கும் மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

தமிழ்நாட்டில் எங்கே கேட்பது?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் பேலியேட்டிவ் கேரும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

டாக்டராகச் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை போகும்போது இதை மட்டும் கேளுங்கள்: "இப்போ நடக்கிற சிகிச்சையோட பேலியேட்டிவ் கேரும் கொடுக்கலாமா டாக்டர்?"