பம்புசெட் தண்ணீரை விட்டுவிடுகிறதா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் இலுப்பூர், அன்னவாசல், விராலிமலைப் பகுதிச் சிறு விவசாயிகள் பலர் பாறைக் கிணறுகளை நம்பிப் பயிர் செய்கின்றனர். கோடையில் நீர்மட்டம் இறங்கியதும், பம்பு சிறிது நேரம் இறைத்துவிட்டு வெறுமனே ஓடுவது உண்டு. உடனே மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். கூலியும் போகிறது, கடலை விழுது இறங்கும் நேரத்தில் பயிரும் வாடுகிறது. பல சமயம் கோளாறு மோட்டாரில் இல்லை. உறிஞ்சு குழாயில் காற்று புகுவதே காரணம்.

பம்பு உறிஞ்சு குழாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது; வெளிக்காற்று கிணற்று நீரை அழுத்தி மேலேற்றுகிறது. கணக்குப்படி இந்த உயரம் சுமார் 34 அடி. நடைமுறையில் 20 அடிக்கு மேல் நம்பக்கூடாது. அதற்கும் கீழே நீர் போனால் பம்பைக் கிணற்றுக்குள் மேடை அமைத்து இறக்கவேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார் வைத்திருப்போருக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே பம்பே நீருக்குள் இருக்கிறது.

டெலிவரி குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் பீய்ச்சியடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். உறிஞ்சு குழாயிலோ, பம்பு ஓடும்போது ஒரு சொட்டும் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ஆகவே பம்பை நிறுத்தி, புனல் வழியாகக் குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, இணைப்புகளைத் துடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பழுதான இடத்தில் நீர் முத்துமுத்தாகத் துளிர்க்கும். இணைப்புகள் உலர்ந்திருந்தும் புனலில் மட்டம் இறங்கினால் குற்றம் புட்வால்வில். காற்று வீசாத நேரத்தில், ஓடும் பம்பின் இணைப்பருகே ஊதுபத்தியைப் பிடித்தும் பார்க்கலாம். ஓட்டை இருந்தால் புகை உள்ளே இழுபடும்.

புட்வால்வு ஒழுகினால் சாணத்தைக் கரைத்து ஊற்றுவது வழக்கம். அன்றைய பாசனத்துக்கு அது உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் வாசர் தேய்ந்திருக்கும், அல்லது அடியில் சுள்ளியோ மணலோ சிக்கியிருக்கும். வால்வைத் தூக்கிச் சுத்தம் செய்து, தேவையானால் வாசரை மாற்றுவதே வழி. மீண்டும் இறக்கும்போது கிணற்றடியிலிருந்து ஓரடி உயரமாவது இருக்கட்டும். வால்வுக்கு மேல் இரண்டு மூன்றடி நீர் நிற்க வேண்டும். குறைந்தால் நீர் சுழித்துக் காற்றை இழுக்கும். பாறைக் கிணற்றில் ஊற்று மெதுவாகச் சுரப்பதால் இது அடிக்கடி நேரும். அப்போது குழாயைக் குறை சொல்லிப் பயனில்லை. கிணறு ஊறும்வரை நிறுத்தி நிறுத்தித்தான் இறைக்க வேண்டும்.

உறிஞ்சு குழாய் பம்பை நோக்கிச் சீராக ஏறவேண்டும். நடுவே மேடு இருந்தால் அங்கே காற்று தங்கிவிடும். கிளாண்டு வழியாகவும் காற்று நுழையும். அதற்காக நட்டுகளை ஒரேயடியாக முறுக்கினால் தண்டு சூடேறித் தேயும். ஓடும்போது சொட்டுச்சொட்டாக நீர் வடிவதே சரியான அளவு.

மின்சாரம் இலவசம்தானே என்று சிலர் காற்றோடு ஓடும் பம்பைக் கவனிப்பதில்லை. மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரம் அளவானது. அதில் போன தண்ணீர் போனதுதான்.

பழுது பார்க்கும் முன் பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பி.வி.சி. குழாயானால், பசை நன்கு காய்ந்த பிறகே மோட்டாரைப் போடவேண்டும்.